முப்பத்தாறில் நின்ற மதிப்பெண்

பண்ருட்டியை அடுத்த காலனி ஒன்றில், அம்பேத்கர் படிப்பகத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஆறு எண்கள்: 34, 36, 35, 33, 36, 36. ‘கேட்’ தேர்வுக்காக அந்த ஊர் இளைஞர் ஒருவர் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்கள் அவை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். மகன் சுயநிதிக் கல்லூரியில் மின்னியல் பொறியியல் முடித்துவிட்டு, பகலில் சோலார் தகடு பொருத்தும் வேலை பார்க்கிறார். இரவு ஏழரைக்கு மேல்தான் படிப்பு.

“நாலு மாசமா முட்டிப் பாக்குறேண்ணே, ஏறவே மாட்டேங்குது. என் மூளை அவ்ளோதான் போல” என்றார்.

நம் பிள்ளைகளிடம் இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். மதிப்பெண் தேங்குவது யாருக்கும் நடப்பதுதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தேங்கினால் பயிற்சி மையத்தை மாற்றுவார்கள். நம் பிள்ளைக்குத் தேங்கினால் அது பிறப்பைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் முறை வைத்து நடத்துகின்றன. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். தேறிய மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இதை வைத்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நம் மாவட்டத்து நெய்வேலி என்.எல்.சி. உட்படப் பொதுத்துறை நிறுவனங்கள் பொறியாளர்களை எடுக்கவும் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவினருக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு; அவர்களுக்கு 27 என்றால் நமக்கு 18.

இந்தப் பதினெட்டில்தான் சிக்கல். “உனக்கென்னப்பா, கட்-ஆஃப் குறைச்சல்தானே, எப்பவோ தாண்டிட்ட” என்று கல்லூரியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கேலியாகக்கூட இல்லை, பாராட்டாகத்தான். ஆனால் தகுதி என்பது வாசற்படி. ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ இடம் வாங்க, நம் ஒதுக்கீட்டுக்குள்ளேயே நம் பிள்ளைகள் போட்டி போட வேண்டும். படியைத் தாண்டியவரிடம் ‘போதும்’ என்று சொல்லிவிட்டதால், எங்கே தவறு செய்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் பக்கத்து ஊர் அக்கா ஒருவர். திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். முடித்தவர், விடுமுறைக்கு வந்திருந்தார். ‘நோட்ஸ் ஏதாவது இருந்தா குடுங்கக்கா’ என்று தம்பி போய் நின்றிருக்கிறார். “புதுசா ஒண்ணும் படிக்காத. எழுதுன ஆறு டெஸ்டையும் எடுத்துட்டு வா” என்றாராம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்தார்கள். தெரியாமல் போனது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, கேள்வியே புரியாமல் போனது என மூன்று கட்டம்.

கடைசித் தேர்வின் கணக்கு இது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் ஒரு மதிப்பெண் கேள்வி தவறினால் 1/3, இரண்டு மதிப்பெண் கேள்வி தவறினால் 2/3 கழியும். தம்பி ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஆறும், இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஒன்பதும் தவறவிட்டிருந்தார். கழிந்தது 2, 6, ஆக 8. அதாவது அவர் சம்பாதித்தது 44. கையில் நின்றது 36. அந்தப் பதினைந்து தவறில் பத்து, கடைசிக் கால் மணி நேரத்தில் அவசரமாகத் தொட்டவை. விடையை எண்ணாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் தவறினால் எதுவும் கழியாது. அதில் பதினொன்றைத் தொடாமலே விட்டிருந்தார்! நட்டமில்லாத இடத்தில் பயம், நட்டமுள்ள இடத்தில் துணிச்சல்.

“கண்ண மூடிக்கிட்டு தொட்டாகூட சராசரியா லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. அரைகுறையா படிச்சிட்டு தொடுறப்பதான் கேள்வி போட்டவன் வச்ச கண்ணியில மாட்டுறோம்” என்று அக்கா விளக்கியிருக்கிறார். நான்கு விடைகளில் இரண்டையாவது காரணத்தோடு அடிக்க முடிந்தால் மட்டும் தொடு, இல்லையென்றால் நகர்ந்து போ என்பது அவர் போட்ட விதி.

மூன்றாவது கட்டம்தான் எனக்கு வலித்தது. பொது நுண்ணறிவுப் பகுதிக்கு மட்டும் 15 மதிப்பெண் உண்டு. எந்தப் பாடத்தில் எழுதினாலும் இது பொது. தம்பி வாங்கி வந்தது ஐந்து. கணக்கு தெரியாமல் இல்லை. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர், ‘அன்லெஸ்’, ‘அட் மோஸ்ட்’ என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் பொருளைத் தலைகீழாக எடுத்திருக்கிறார். இப்படி ஒரு இருபது சொற்கள். அவற்றை ஒரு அட்டையில் எழுதி, வேலைக்குப் போகும் பேருந்தில் படித்தார். நான்கு மாதம் மின்காந்தவியலை மூன்று முறை புரட்டியவருக்கு, பத்து மதிப்பெண் இங்கே கிடந்தது தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. தேர்வு கணினியில்தான், கால்குலேட்டரும் திரையில் வருவதுதான், மவுஸால் ஒவ்வொரு எண்ணாகச் சொடுக்க வேண்டும். இவரோ மாதிரித் தேர்வுகளைக் கைப்பேசியில் எழுதி, பழைய கால்குலேட்டரில் தட்டியிருக்கிறார். காலனியில் எந்த வீட்டிலும் கணினி இல்லை. பண்ருட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கடைசி நான்கு தேர்வுகளை எழுதினார். அதற்கு அம்மாவின் கூலியிலிருந்துதான் பணம். “இன்னும் எத்தன பரீட்சடா” என்று மட்டும் கேட்டாராம்.

ஜனவரியில் சுவரில் ஏறிய எண்கள்: 39, 43, 42, 47. இடையில் ஒன்று இறங்கியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இது எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். அதே படிப்பகத்தில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு 12 மணி நேர வேலை. அவர் மதிப்பெண் 28-இல் நிற்பதற்குப் பிழை காரணமில்லை, தூக்கமில்லாததுதான் காரணம். அதற்குப் பிழைப் பட்டியல் மருந்தாகாது. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்க நேரத்தை யார் கொடுப்பது? படிக்கும் காலத்துக்கு ஒரு மாதச் செலவுத்தொகை, ஒன்றியத்துக்கு ஒரு படிப்பகத்திலாவது நான்கு கணினிகள் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

பிப்ரவரியில் தேர்வு எழுதிவிட்டு வந்த தம்பியைப் போன வாரம் பார்த்தேன். முடிவு வரவில்லை. படிப்பகத்தில் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர், நல்ல புத்தகம் எது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“புத்தகம் இருக்கட்டும்மா. இதுவரைக்கும் எழுதுன டெஸ்ட எடுத்துட்டு வந்தியா?” என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டார் தம்பி.