கல் பொறுக்கும் குழந்தைகள்

குழந்தைகளைக் கண்டால், "பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். ஒரு காலத்தில், "ரயில் ஓட்டுவேன்" என்று பதில் வந்தது. இக்காலத்துக் குழந்தையோ, "டைனோசர் எலும்பைத் தோண்டி எடுப்பேன்" என்கிறது. நாமும் சிரித்துக் கன்னத்தைத் தட்டிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். குழந்தை அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது? சினிமாவிலிருந்து என்று பலர் சொல்லக்கூடும். 1993-ல் வெளிவந்த ஜுராஸிக் பார்க் படம் உலகெங்கும் சிறுவர்களை மயக்கியது மெய்தான். ஆனால், படம் பார்த்தவர் அனைவரும் தொல்லுயிர் ஆராய்ச்சியாளர் ஆகிவிடவில்லை. ஆசை முளைப்பது ஒன்று, வேரூன்றுவது வேறொன்று. வேரூன்ற என்ன வேண்டும் என்பதை நம் தேசத்து விஞ்ஞானி ஒருவரின் இளம்பிராயம் நன்கு விளக்குகிறது.

பீர்பால் ஸாஹ்னி 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, இப்போது பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். அருகே உப்புமலைத் தொடர். பழைய உயிர்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் இடம். தந்தை ருசிராம் ஸாஹ்னி லாகூர் அரசாங்கக் கல்லூரியில் ரஸாயன ஆசிரியர். விஞ்ஞானம் இங்கிலீஷ் படித்தவர்களின் தனிச்சொத்தன்று என்று கருதி, பாமர ஜனங்களுக்குப் பஞ்சாபி மொழியிலேயே பிரசங்கங்கள் செய்தவர். விடுமுறை வந்தால் புதல்வர்களை அழைத்துக்கொண்டு இமயமலைப் பாதைகளில் கால்நடையாகப் புறப்பட்டுவிடுவார். செடியும் கல்லும் சேர்க்கும் பழக்கம் பீர்பாலுக்கு அப்படித்தான் வந்தது.

இவ்வளவு செய்த தந்தையும், மகன் படித்து முடித்தபோது, மற்றத் தந்தைமார்களைப் போலவே ஐ.ஸி.எஸ். உத்தியோகத்தைத்தான் விரும்பினார். பீர்பால் தர்க்கம் செய்யவில்லை. தங்கள் கட்டளையென்றால் போகிறேன், என் மனத்தைக் கேட்டால் தாவர ஆராய்ச்சியைத் தவிர வேறொன்றும் வேண்டேன் என்று பணிவுடன் தெரிவித்தார். தந்தை விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு நாளில் அவர் பிடிவாதம் செய்திருந்தால், தேசத்துக்கு ஓர் அதிகாரி கிடைத்திருப்பார். ஓர் ஆராய்ச்சியாளர் கிடைத்திருக்கமாட்டார்.

1911-ல் பீர்பால் கேம்பிரிட்ஜ் சென்றார். ராஜமஹால் குன்றுகளில் கிடைத்த கல்லான தாவரங்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 1936-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி, லக்னோவில் அவர் நிறுவிய தொல்தாவர ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடத்துக்கு ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். புதைபடிவங்களையே பதித்துச் செய்த கல் அது. ஒரு வாரத்துக்குள் பீர்பால் காலமானார். அவருடைய மனைவி சாவித்திரி அம்மையார் அந்தப் பணியைத் தாங்கி நடத்தினார்.

அந்த வீட்டின் கதை அத்துடன் முடியவில்லை. பீர்பாலின் தம்பி முல்க்ராஜும் தொல்லுயிர் ஆராய்ச்சியாளரானார். முல்க்ராஜின் புதல்வர் அசோக் ஸாஹ்னி, நர்மதைப் பிரதேசத்து ஜபல்பூரில் டைனோசர் முட்டைகளை ஆராய்ந்து பெயர் பெற்றார்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இமயமலை தூரந்தான். ஆனால், கல்லான உயிர்களைக் காண அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. விழுப்புரம் ஜில்லாத் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில், ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட கடற்பிராணிகளின் ஓடுகள் இருக்கின்றன. கடல் அங்கே அலையடித்த காலத்தின் சாட்சிகள் அவை. ஒரு விடுமுறை நாளில் குழந்தையை அழைத்துச் சென்று காட்டலாம். திருவக்கரை பாதுகாக்கப்பட்ட இடமாகையால், அங்கிருந்து எதையும் எடுத்து வராமல் பார்த்துவிட்டு வருவதும் ஒரு பாடமே.

குழந்தை கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நமக்கு விடை தெரியவேண்டும் என்பதில்லை. கூட நடந்தால் போதும். பிறகு, பரீட்சையும் உத்தியோகமும் வாசலில் வந்து நிற்கும் நாளில், ருசிராம் ஸாஹ்னியைப்போல் ஒரு தடவை விட்டுக்கொடுக்கவும் மனம் வேண்டும். முன்னது எளிது. பெற்றோருக்கு உண்மையான பரீட்சை பின்னதுதான்.