களை எது, கீரை எது?

மழைக்காலம் கழிந்தபின் தில்லியில் வீடு மாறும் நம்மவர்க்குப் பெரும்பாலும் புதர் மண்டிய தோட்டமே வாய்க்கிறது. உடனே மண்வெட்டியை எடுத்தல் வேண்டா. முதலில் தண்டையும் இலையையும் நோக்குங்கள்.

தண்டு விரலிடையே உருளாமல் மூன்று பட்டையாக இருப்பின், அது கோரை. கிழங்கோடு அகழ்ந்தாலன்றி மீண்டும் முளைக்கும்.

மிகுதியும் ஏமாற்றுவது பார்த்தீனியம். 1955-இல் புனேயில் கவனிக்கப்பட்ட இச்செடி பின்னர் நாடெங்கும் பரவிற்று. பூக்குமுன் துலுக்கச் சாமந்தி நாற்றெனவே தோன்றும். ஆயின், சாமந்தி நாற்று நிமிர்ந்து வளரும். இலை வழவழப்பான கரும்பச்சை. பார்த்தீனியமோ இளமையில் தரையோடு வட்டமாகப் படியும். வெளிர்பச்சை இலைமேல் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். தோலில் அரிப்பும், சிலருக்கு மூச்சிரைப்பும் விளைவிப்பதாதலின், கையுறை அணிந்து, வெண்ணிறப் பூ அரும்புமுன் வேரோடு பிடுங்குக.

குளிர்காலத் தொடக்கத்தில் முளைத்து, இளந்தளிரில் வெண்பொடி தூவினாற்போல் நிற்பதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கோதுமை வயலில் களையாயினும், வடநாட்டார் ‘பதுவா’ என விரும்பி உண்ணும் கீரை அது. நம் சக்கரவர்த்திக் கீரையும் அதுவே.

ஐயம் எழுந்தால் அச்செடியை அண்டை வீட்டாரிடம் காட்டிக் கேளுங்கள். அம்மண்ணின் செடிகளை அறிந்தவர் அவரே; அவர் இசையும்வரை சமையலுக்குப் பறித்தல் ஆகாது.