உங்களுக்குத் தெரியுமா? நெப்போலியன் குள்ளர் அல்லர்

நெப்போலியன் 1821-இல் செயிண்ட் ஹெலினா தீவில் இறந்தபோது, அவர் உடலை அளந்த மருத்துவர் அந்தோமார்க்கி குறித்த உயரம் 5 அடி 2 அங்குலம் 4 லீஞ். இதைப் படிக்கும் எவருக்கும் குள்ளமான ஓர் உருவமே கண்முன் வரும். ஆனால் அது பழைய பிரெஞ்சு அடி. ஆங்கிலேய அடி 30.48 செ.மீ; பிரெஞ்சு அடியோ ஏறத்தாழ 32.48 செ.மீ.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 12 லீஞ், ஓர் அடிக்கு 144 லீஞ். ஆக, அவர் உயரம் 748 லீஞ். ஒரு மீட்டர் என்பது 443.296 லீஞ் என்று 1799-இல் பிரெஞ்சுச் சட்டமே வரையறுத்தது. வகுத்தால் கிடைப்பது சுமார் 168.7 செ.மீ, அதாவது ஆங்கிலேய அளவில் 5 அடி 6 அங்குலத்துக்குச் சற்று மேல். அக்காலப் பிரெஞ்சு ஆண்களின் சராசரி உயரத்துக்கு இது குறைவே இல்லை.

பிரிட்டனின் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே அவரைச் சிறுவன்போலக் குட்டையாக வரைந்ததும் இந்தப் பிழையான எண்ணத்தை வளர்த்தது. பழைய ஆவணங்களில் ‘அடி’ என்று கண்டால், எந்த நாட்டு அடி என்று முதலில் கேளுங்கள்.