ஒரு சின்னக் குறியால் ஆணாக்கப்பட்ட பெண் அப்போஸ்தலர்... யார் இந்த யூனியா?

இன்லேண்டு லெட்டர் காலத்து ஆட்களுக்குத் தெரியும். கடிதத்தின் கடைசி மடிப்பில் இடம் போதாமல் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். 'அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும், பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவளுக்கு முத்தம்' என்று வரிசையாகப் பெயர்கள் ஓடும். வெளியாட்கள் படித்தால் அதில் ஒன்றும் இருக்காது. அந்தக் குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கோ அந்தக் கடைசி மடிப்புதான் புதையல்.

ஆதித் திருச்சபையை ஆராய்பவர்களுக்கும் அப்படி ஒரு கடைசி மடிப்பு கிடைத்திருக்கிறது. பைபிளின் புதிய ஏற்பாட்டில் ரோமருக்கு பவுல் எழுதிய கடிதத்தின் 16-ம் அதிகாரம். 'இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள்' என்று முழுக்கப் பெயர்ப் பட்டியல். பிரசங்கங்களில் அதிகம் எடுத்துக்கொள்ளப்படாத பகுதி. படிப்பவர்களும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே ஒரு பெயருக்காக அறிஞர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

டெல்பியில் கிடைத்த கல்

முதலில், இந்தக் கடிதம் எப்போது எழுதப்பட்டது என்று எப்படித் தெரியும்? இயேசுவுக்குப் பிறகான முதல் 30 ஆண்டுகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எழுத்துகள் பவுலின் கடிதங்கள்தான். நான்கு நற்செய்தி நூல்களும் அவற்றுக்குப் பிறகே எழுதப்பட்டன என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆனால், பவுல் தன் கடிதங்களில் தேதி போடவில்லை.

இங்கே உதவிக்கு வந்தது ஒரு கல்வெட்டு. கிரேக்க நாட்டின் டெல்பியில் கிடைத்த அதன் துண்டுகள் 1905-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. ரோமப் பேரரசர் கிளாடியஸ் அந்த ஊர் தொடர்பாக எழுதிய கடிதம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அதில் கல்லியோன் என்ற ஆளுநரின் பெயரும் இருந்தது. தத்துவ ஞானி செனகாவின் அண்ணன் இவர். கொரிந்து நகரத்தில் இந்தக் கல்லியோன் முன்புதான் பவுலைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் நூல் சொல்கிறது. கல்வெட்டில் உள்ள பேரரசரின் பட்டங்களை வைத்து அதன் காலத்தை கி.பி. 52 என்று கணக்கிட்டார்கள். ஆளுநர் பதவி பொதுவாக ஓராண்டுக்குத்தான். ஆக, பவுல் கொரிந்துவில் இருந்தது 51-ஐ ஒட்டி என்று ஒரு முளை அடித்தாகிவிட்டது. அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான் பவுலின் பயணங்களுக்கெல்லாம் வருடம் குறிக்கிறார்கள். ரோமருக்கு எழுதிய கடிதம் சுமார் 57-ல் கொரிந்துவிலிருந்து போனது என்பது இப்படிப் போட்ட கணக்குதான்.

கடிதத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. நடுவில் தன் பெயரையும் நுழைத்து ஒரு வணக்கம் வைத்துவிட்டார் அந்த மனிதர்! கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண்ணை ரோமில் உள்ளவர்கள் நல்லபடியாக வரவேற்க வேண்டும் என்று பவுல் கேட்டுக்கொள்கிறார். கடிதத்தைக் கொண்டுபோனவர் இந்தப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அன்று அரசாங்கத் தபால் அரசு வேலைக்கு மட்டும். மற்றவர்களின் கடிதம் போக வேண்டுமானால், அந்தப் பக்கம் போகும் ஆள் கையில் கொடுத்தனுப்ப வேண்டியதுதான்.

அடிமைப் பெயர்கள்

பட்டியலுக்கு வருவோம். ரோமில் உள்ள 26 பேரைப் பவுல் தனித்தனியாக வாழ்த்துகிறார். இரண்டு பேருக்குப் பெயர் இல்லை. ஒருவர் ரூப்பு என்பவரின் தாய், மற்றவர் நேரே என்பவரின் சகோதரி. 26 பேரில் 9 பேர் பெண்கள்.

ஜெர்மானிய ஆய்வாளர் பீட்டர் லாம்பே இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு ரோம் நகரக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கல்லறைக் கற்களில் இதே பெயர்கள் யாருக்கெல்லாம் இருக்கின்றன என்று எண்ணினார். பட்டியலில் உள்ள பல பெயர்கள் அடிமைகளுக்கும், விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வைக்கப்பட்டவை என்பது தெரியவந்தது. பெர்சியாள் என்றால் 'பாரசீகத்துக்காரி'. ஆளை விற்ற சந்தையின் திசை பெயராகவே ஒட்டிக்கொண்டதுபோல. திரிபேனாள், திரிபோசாள் என்ற இரண்டு பெண்களின் பெயர்களுக்கு 'மென்மையானவள்', 'நாசூக்கானவள்' என்பதுபோன்ற பொருள். அவர்களைப் போய் 'கடுமையாக உழைத்தவர்கள்' என்கிறார் பவுல். வேண்டுமென்றே செய்த குறும்பா, தற்செயலா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

'பாடுபட்டு உழைத்தார்' என்ற அந்தக் கிரேக்க வினைச்சொல்லை இந்தப் பட்டியலில் பவுல் நான்கு பேருக்குப் பயன்படுத்துகிறார். நான்கு பேரும் பெண்கள். தன்னுடைய ஊழியத்தைப் பற்றிச் சொல்லும்போதும் அவர் பயன்படுத்தும் சொல் இதுவே.

முதல் மிஷனரிகள் என்றதும் கோல் ஊன்றி நடக்கும் தாடிக்காரர் ஒருவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். இந்தப் பட்டியலில் தெரியும் ஆட்கள் வேறு மாதிரி இருக்கிறார்கள். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியைப் பாருங்கள். கூடாரம் தைப்பது இவர்கள் தொழில். பேரரசர் கிளாடியஸ் யூதர்களை ரோமைவிட்டு வெளியேற்றியபோது கிளம்பி, கொரிந்துவுக்கு வந்து தொழில் நடத்தினார்கள். அதே தொழில் தெரிந்த பவுல் இவர்களோடு தங்கி வேலை பார்த்தார். பிறகு எபேசுவுக்குப் போனார்கள். அங்கே இவர்கள் வீட்டில் சபை கூடியது. இந்தக் கடிதம் எழுதப்படும்போது மறுபடி ரோமில் இருக்கிறார்கள். அங்கேயும் வீட்டில் சபை. கோயில் கட்டடம் எதுவும் கிடையாது. தையல் ஊசியும் தோலும் கிடக்கும் பட்டறைதான் பிரசங்க மேடையாக இருந்திருக்கும் என்று ரொனால்ட் ஹாக் என்ற ஆய்வாளர் 1980-ல் ஒரு நூலே எழுதினார்.

இந்தத் தம்பதி பெயர் புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் வருகிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளின்படி, நான்கு இடங்களில் மனைவி பெயர்தான் முதலில். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை போடும் ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியும். அப்பொல்லோ என்ற படித்த பேச்சாளரை இருவரும் அழைத்துப் பாடம் சொல்லும் இடத்தில், பிற்காலப் பிரதிகள் பலவற்றில் கணவர் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது!

புள்ளி இல்லாத சுவடி

பிரிஸ்கில்லாளுக்கு வரிசைதான் மாறியது. யூனியாவுக்கு ஆளே மாறிப்போனது.

பட்டியலின் ஏழாம் வசனம். அந்திரோனிக்கு, யூனியா என்ற இருவரை வாழ்த்துகிறார் பவுல். இவர்கள் தன் இனத்தார், தன்னோடு சிறையில் இருந்தவர்கள், அப்போஸ்தலர்களுக்குள் பெயர்பெற்றவர்கள், தனக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள் என்று நான்கு விஷயங்கள் சொல்கிறார். பவுல் மனம் மாறியதே இயேசு சிலுவையில் அறையப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள். அதற்கும் முன்பு என்றால், இவர்கள் திருச்சபையின் முதல் தலைமுறை ஆட்கள். இதில் ஒருவர் பெண்ணா?

சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் இந்தப் பெயர் 'யூனியாவை' என்ற வேற்றுமை வடிவில் வருகிறது. 'யூனியா' என்ற பெண் பெயரும், 'யூனியாஸ்' என்று ஓர் ஆண் பெயர் இருந்தால் அதுவும், இந்த வடிவத்தில் ஒரே எழுத்துகளில்தான் எழுதப்படும். வேறுபாடு, மேலே போடும் ஒரு சின்ன அழுத்தக்குறியில் மட்டும். மிகப் பழைய பிரதிகளில் அந்தக் குறியை யாரும் போடவில்லை.

நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதுவார்கள். 'க'வா, 'க்'கா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாடு அது. புள்ளி வைக்கும் இடத்தில் பதிப்பாசிரியரின் அறிவும் வேலை செய்யும், அவருடைய நம்பிக்கையும் வேலை செய்யும்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் இந்தப் பெயரைப் பற்றி யாருக்கும் குழப்பம் இல்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் கிறிசோஸ்தம், அப்போஸ்தலர் என்ற பட்டத்துக்கே தகுதியாகும் அளவுக்கு இந்தப் பெண் எவ்வளவு ஞானமுள்ளவளாக இருந்திருக்க வேண்டும் என்று வியந்து பேசியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் பெண்கள் போதிப்பதற்கு எதிராகப் பேசியவர்! சுமார் 200-ம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பாப்பிரஸ் பிரதி இன்று டப்ளினிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பிரிந்து கிடக்கிறது. அதில் இந்த இடத்தில் 'யூலியா' என்று இருக்கிறது. எழுதியவர் கை தவறியிருக்கலாம். ஆனால் அதுவும் பெண் பெயர்தான். பின்னாளில் பிரதி எடுத்தவர்கள் அழுத்தக்குறி போடத் தொடங்கியபோதும் பெண்பாலுக்கான குறியையே போட்டார்கள்.

13-ம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ரோம் நகரத்து கைல்ஸ் என்ற இறையியலாளர் இருவரையும் ஆண்கள் என்று எழுதினார். 1522-ல் மார்ட்டின் லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் யூனியா ஆணானார். 1611-ல் வந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு 'யூனியா' என்றே வைத்திருந்தது. ஆனால், மொழிபெயர்ப்பாளர்கள் உலகமெங்கும் நம்பிப் பயன்படுத்தும் நெஸ்ட்லே கிரேக்கப் பதிப்பு (சாக்லேட் கம்பெனி அல்ல, பதிப்பாசிரியரின் குடும்பப் பெயர்) 1927-ல் ஆண்பால் குறியைப் போட்டுவிட்டது. 1946-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், இருவரையும் 'ஆண்கள்' என்றே எழுதியது. மூலத்தில் அந்தச் சொல் கிடையாது.

'யூனியாஸ்' என்று ஓர் ஆணாவது ரோமப் பேரரசில் இருந்தாரா? தேடிப் பார்த்தார்கள். 'யூனியானுஸ்' என்ற நீண்ட பெயரின் சுருக்கமாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அப்படிச் சுருக்கி எழுதிய ஒரு கல்வெட்டோ கடிதமோ கிடைக்கவில்லை. 'யூனியா' என்ற பெண் பெயரோ ரோம் நகரத்தில் மட்டும் 250-க்கும் மேற்பட்ட இடங்களில் கிடைக்கிறது. அதாவது, ஒரு பெண் அப்போஸ்தலராக இருக்க முடியாது என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்குத் தோதாக எங்கும் இல்லாத ஓர் ஆணை உண்டாக்கியிருக்கிறார்கள். இதற்கு வேறு நாகரிகமான பெயர் வைக்க முடியவில்லை.

1977-ல் பெர்னடெட் ப்ரூட்டன் என்ற ஆய்வாளர் இதைக் கட்டுரையாக எழுதி உடைத்தார். நெஸ்ட்லே பதிப்பில் பெண்பால் குறி திரும்பி வந்தது 1998-ல். 71 ஆண்டுகள்! எல்டன் எப் என்ற பிரதி ஆய்வாளர் 2005-ல் இந்தக் கதை முழுவதையும் ஒரு தனி நூலாக்கினார்.

விவாதம் அதோடு ஓயவில்லை. 2001-ல் மைக்கேல் பியூரர், டேனியல் வாலஸ் என்ற இரண்டு அறிஞர்கள், யூனியா பெண்தான் என்றாலும், 'அப்போஸ்தலர்களுக்குள் பெயர்பெற்றவர்' என்று படிக்கக் கூடாது, 'அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்தவர்' என்று படிக்க வேண்டும் என்றார்கள். எப் உள்ளிட்டவர்கள் அதை மறுத்தார்கள். கிரேக்கத்தையே தாய்மொழியாகக் கொண்ட கிறிசோஸ்தம் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை மறுப்பவர்கள் முக்கியமாகச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

ஆளுநரின் விசாரணை

திருச்சபைக்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. சுமார் 112-ல், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசர் திராஜனுக்குக் கடிதம் எழுதினார். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அதில் சொல்கிறார். அந்தப் பெண்களைச் சபையில் 'ஊழியர்கள்' என்று அழைத்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சபையின் உள்விவகாரத்தில் எந்தப் பக்கமும் சாயத் தேவையில்லாத ஓர் அதிகாரியின் வரி அது. அந்த இரண்டு பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை.

இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு பெயரின் குறிக்காக ஏன் இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். ஆதித் திருச்சபையில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பது இன்று பெண்கள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் திருத்தொண்டர்கள் பற்றி ஆராய போப் பிரான்சிஸ் 2016-ல் ஒரு குழுவும் 2020-ல் இன்னொரு குழுவும் அமைத்தார். அங்கே அடிபடும் முதல் பெயர் பெபேயாள். 'டியாகோனோஸ்' என்று பவுல் அவரைக் குறிப்பிடும் அதே சொல்லால்தான் தன்னையும் குறிப்பிடுகிறார். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் பவுலுக்கு வரும்போது அது கௌரவமான ஊழியர். பெபேயாளுக்கு வரும்போது வேலைக்காரி. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. 2013-ல் ஆந்திராவின் நந்தியால் மறைமாவட்டத்துக்கு புஷ்பா லலிதா பேராயரானார். அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்.

தமிழில் என்ன இருக்கிறது? நம் வீடுகளில் பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்தப் பெண்களின் பெயர்களைப் பார்த்தால், மரியாள், பெபேயாள், பிரிஸ்கில்லாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் என்று எல்லாவற்றுக்கும் 'ஆள்' விகுதி சேர்த்து, பெண் என்பதில் சந்தேகம் வராதபடி எழுதியிருக்கிறார்கள். ஏழாம் வசனத்தில் மட்டும் 'யூனியா' என்று விகுதி இல்லாமல் நிற்கிறது, ஆக்கில்லாவைப்போல.