வெங்காயம் எப்படி வசையாச்சு?

"சட்டமாவது வெங்காயமாவது." "இவரு பெரிய வெங்காயம், சொல்ல வந்துட்டாரு." சாம்பார்ல மிதக்கிற ஒரு பொருள் 'ஒண்ணுத்துக்கும் ஆகாதது', 'வெத்துப் பேச்சு' என்கிற அர்த்தத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். உரிக்க உரிக்கத் தோல்தான், உள்ளே ஒண்ணும் இருக்காது, அதனாலதான் பெரியார் அப்படிச் சொன்னார் என்பார்கள்.

அழகான விளக்கம்தான். ஆனால் எனக்கு அது போதவில்லை. ஏன்னா அதே இடத்தில் வேறு காய்களையும் நாம் வைக்கிறோம். 'காதலாவது கத்தரிக்காயாவது' என்கிறோம். 'தத்துவமாவது புடலங்காயாவது' என்கிறோம். கத்தரிக்காயை உரித்துப் பார்த்து ஏமாந்தவர் யாரும் இல்லை. புடலங்காய்க்குள்ளே குடலும் விதையும் வேண்டிய மட்டும் இருக்கு. ஆக, தோல் கதை வெங்காயத்துக்கு மட்டும்தான் பொருந்துது. வசையோ அதைவிடப் பெருசு.

வேலையைச் செய்வது அந்த 'ஆவது... ஆவது'தான். முதல் இடத்தில் எதிராளி பெரிதாக நினைக்கிற ஒன்று வரும். இரண்டாம் இடத்தில் கூடையோடு தரையில் கொட்டி விற்கிற ஏதோ ஒன்று வரும். ரெண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால் போதும், மேலே இருந்தது கீழே இறங்கிவிடும். நீளமாக வாதாட வேண்டியதில்லை.

அந்த இரண்டாம் இடத்துக்கு எல்லா உணவும் போக முடியாது என்பதுதான் சுவாரசியம். 'சட்டமாவது அரிசியாவது' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கிலேயே நிற்காது. நெய், பால், வாழைப்பழம் எதுவும் சரிப்படாது. அதெல்லாம் சாமிக்குப் படைக்கிற, விருந்தாளிக்கு எடுத்து வைக்கிற சாமான். உப்பு விலை மலிவுதான், ஆனால் அதன் மேல் நன்றிக்கடன் ஏறி உட்கார்ந்திருக்கு. தினமும் வாங்கி, நறுக்கி, யாரும் கவனிக்காமல் தின்று தீர்க்கிற காய்கள்தான் வசைக்கு வாகாக அமையுது. இந்திக்காரர்கள் இதே மாதிரி ஆளை மட்டம் தட்ட முள்ளங்கியைப் பிடித்துக்கொண்டார்கள். 'நீ எந்த வயலு முள்ளங்கி?' என்று கேட்பார்கள்.

(வெங்காயம் பெயரளவில் காயே இல்லை. பெருங்காயத்தில் இருக்கிற அதே 'காயம்'தான் இதிலும் இருக்கு. காரமும் நெடியும் உள்ள சரக்கு என்று அர்த்தம். காயம் என்றால் உடம்பு என்றும் பொருள் உண்டே, அதை வைத்துக் காளமேகப் புலவர் பேரில் ஒரு சிலேடைப் பாட்டு வழங்குது. மேலோட்டமாகப் பார்த்தால் மளிகைச் சரக்கு, உள்ளே நிலையில்லாத உடம்பு.)

அப்படியென்றால் பெரியாருக்கு ஏன் கத்தரிக்காய் போதவில்லை? தோல் கதை ஒரு காரணமாக இருக்கட்டும். இன்னொன்றும் உண்டு என்பது என் எண்ணம். கோயில் மடப்பள்ளியில் வெங்காயத்துக்கு இடமில்லை. ஆசாரம் பார்க்கிற வீடுகளில் திதி, விரத நாட்களில் அதைச் சேர்க்க மாட்டார்கள். 'சாஸ்திரமாவது கத்தரிக்காயாவது' என்றால் அது வெறும் அலட்சியம். 'சாஸ்திரமாவது வெங்காயமாவது' என்றால், எதை சாஸ்திரம் வாசலோடு நிறுத்தியதோ அதையே அதன் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது. கேட்கிற ஆசாரக்காரருக்குக் கூடுதலாக உறைக்கும். அவர் அந்த முதல் இடத்தில் வைத்ததெல்லாம் கடவுள், மதம், சாதி என்று சாமானியர் தொடப் பயந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். வசையின் குறி வெங்காயம் இல்லை, அந்த முதல் இடம்.

சொல் அவரோடு எந்த அளவுக்கு ஒட்டிப்போச்சு என்றால், போலிச் சாமியார்களைத் தோலுரிக்கிற படம் ஒன்று 2011-ல் 'வெங்காயம்' என்ற பேரிலேயே வந்தது. தலைப்புக்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இதுக்கு நடுவில் நிஜ வெங்காயம் சும்மா இருக்கவில்லை. 1980 தேர்தலில் இந்திரா காந்தி அதன் விலையைப் பிரசாரமாக்கினார். 1998-ல் டெல்லியில் பாஜக ஆட்சியை இழந்ததுக்கு வெங்காய விலையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019 கடைசியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மார்க்கெட்டில் எடை போடும்போது கை நடுங்கின அந்த மாசத்திலும், 'போய்யா வெங்காயம்' என்று திட்டு வாங்கினவர் யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.