கண்ணாடி விரியன் நஞ்சும் சிறுநீரகப் பாதுகாப்பும்

பெங்களூருவைச் சூழ்ந்துள்ள கேழ்வரகு வயல்களிலும் புதர் நிலங்களிலும் கண்ணாடி விரியன் வாழ்கிறது. இதன் கடிக்கு உடனே உயிரிழக்காதவர்களிலும் பலர், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து துன்புறுகின்றனர். பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகக் கர்நாடக அரசும் தமிழ்நாடு அரசும் 2024ஆம் ஆண்டில் சேர்த்தன.

இந்நஞ்சு சிறுநீரகத்தை மூன்று வழிகளில் தாக்குகிறது. முதலாவதாக, இரத்தம் உறைதற்குரிய ஐந்தாம், பத்தாம் காரணிகளை இது அளவுமீறித் தூண்டுகிறது. அதனால் தோன்றும் நுண்ணிய உறைகட்டிகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றன. பைப்ரினோஜன் என்னும் புரதம் செலவாகிவிடுவதால், பின்னர் இரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது. இரண்டாவதாக, இரத்தக் கசிவாலும் இரத்த அழுத்தத் தாழ்வாலும் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. மூன்றாவதாக, பாஸ்போலிபேஸ் என்னும் நொதி உயிரணுக்களின் சவ்வைச் சிதைத்து அழற்சியை உண்டாக்குகிறது.

இவற்றைத் தடுப்பதற்குரிய மருந்து நச்சுமுறி ஊநீரே ஆகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்களைப் பிரித்து இதனைத் தயாரிக்கின்றனர். இரத்தத்தில் உலவும் நஞ்சை இது முறிக்கும். ஏற்கெனவே சிதைந்த திசுவைச் சீராக்காது. எனவே ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் சிறுநீரகத்திற்குக் கேடு விளைவிக்கும். இம்மருந்தால் ஒவ்வாமை நேரக்கூடுமாதலால், மருத்துவமனையிலேயே சிரை வழியாகச் செலுத்துவர். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்குரிய அளவே தேவை. ஏனெனில் பாம்பு செலுத்தும் நஞ்சு ஆளுக்கேற்பக் குறைவதில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், கண்ணாடி விரியனின் நஞ்சு இடத்திற்கு இடம் வேறுபடுவதைக் கண்டறிந்துள்ளனர். ஒரே நச்சுமுறி எல்லா வட்டாரங்களிலும் ஒரே அளவில் பயன்படாததற்கு இஃது ஒரு காரணம். அழற்சியைத் தணிப்பதற்கென முன்பு ஆராயப்பட்ட வேரெஸ்பிளாடிப் என்னும் மருந்து, மேற்கூறிய பாஸ்போலிபேஸைத் தடுக்கவல்லது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதனைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. சோதனையின் முதன்மை நோக்கம் நிறைவேறவில்லை. ஆதலின் அது நச்சுமுறிக்கு மாற்றாகாது.

களப்பணியாளர் கருத்திற் கொள்ள வேண்டியவை சில. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைவில் மருத்துவமனைக்கு அனுப்புக. கயிறு கட்டுதலும் கடிவாயைக் கீறுதலும் கூடா. இபுப்ரோபென், டைக்குளோபினாக் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகத்திற்குத் தீங்கு செய்யுமாதலால் அவற்றைக் கொடுத்தல் ஆகாது. மருத்துவமனையில் 2 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்ப்பர்; உறையாவிடில் நஞ்சேறியது தெளிவாகும். வீடு திரும்பியவரின் சிறுநீர் அளவில் குறைந்தாலோ, செந்நிறமாகவோ கருமையாகவோ மாறினாலோ, மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்புதல் இன்றியமையாதது. உரிய காலத்தில் இரத்தச் சுத்திகரிப்பு செய்தால், பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆசிரியர்கள் இச்செய்திகளை மாணவர் வாயிலாக ஒவ்வொரு வீட்டிற்கும் எட்டச் செய்வார்களாக.