உண்ட வீட்டுச் சாவி

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் காயலை ஒட்டிய பழைய கிடங்குகளைக் கடக்கும்போது சுக்கும் மிளகும் இன்னும் மூக்கில் ஏறுகின்றன. இந்த வாசனைக்காகத்தான் ஒருவன் எசமானின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு போனான்.

அவன் பெயர் லின்ஸ்கோட்டன், டச்சுக்காரன். 1583இல் கோவா பேராயரின் செயலராக வந்தபோது வயது 20. மிளகுக் கப்பல்கள் எந்த மாதம் கிளம்பும், எந்தக் காற்றைப் பிடிக்கும், எங்கே பாறை இருக்கிறது என்பதெல்லாம் போர்த்துகீசியர் பிறருக்குக் காட்டாத விஷயங்கள். பேராயர் வீட்டுச் சோற்றைத் தின்றபடியே அவன் அவற்றைச் சேகரித்தான். 1589 ஜனவரியில் இதே கொச்சியிலிருந்து மிளகுக் கப்பலில் ஏறினான். வழியில் அசோர்ஸ் தீவில் இரண்டாண்டு சிக்கிக் கிடந்து, 1592இல்தான் ஊர் சேர்ந்தான். 1596இல் எல்லாம் புத்தகமாகவே வந்துவிட்டது. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1663 ஜனவரியில் போர்த்துகீசியரின் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கையில் விழுந்தது.

போர்த்துகீசியர் மேல் எனக்கு இரக்கமில்லை. அவர்கள் பீரங்கியைக் காட்டி மிளகு வாங்கியவர்கள். ஆனாலும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தது மனத்தை உறுத்துகிறது.

பிற்காலத்தில், 1957 முதல், மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் மிளகு முன்பேர வணிகம் நடந்தது. டெலிபோனைக் காதில் வைத்தபடி தரகர்கள் விலையைக் கூவினார்கள். விலையைத்தான் கூவினார்கள், தன் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எவரும் கூவியிருக்க மாட்டார். இருப்பு தெரிந்தால் போட்டிக்காரன் கழுத்தைப் பிடித்துவிடுவான். கூவிய தரகர்களின் இடத்தைக் கணினித் திரை பிடித்தது. தெருவின் கிடங்குகள் பல பழம்பொருள் கடைகளாகிவிட்டன.

கொச்சியின் போக்குவரத்தும் கடலைவிட்டு வானுக்கு ஏறியது. 1992இல் ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸ் மும்பையிலிருந்து இங்கேதான் முதல் விமானத்தை விட்டது. 1999இல் நெடும்பாசேரி நிலையம் திறந்தது. விமானக் கம்பெனியும் மறைப்பது இருப்பைத்தான்: எந்தத் தடத்தில் எத்தனை இருக்கை நிரம்பியது, எத்தனை காலி. மிளகு கிடங்கில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். காலி இருக்கையோ அன்றைய மீன், விமானம் கிளம்பிவிட்டால் காசாகாது. அதனால் போட்டியாளனின் நிரம்பல் கணக்கு தெரிந்தவன் எந்தத் தடத்தில் இறங்கலாம், எதில் விலகலாம் என்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவான்.

கனடாவில் அது நடந்தது. ஏர் கனடாவோடு இணைந்துபோன கனடியன் ஏர்லைன்ஸ், வேலையை விட்டவர்களுக்கு ஒரு சலுகை தந்திருந்தது: காலி இடம் இருந்தால் வருஷத்துக்கு இரண்டு பயணம். காலி இடத்தைப் பார்த்துப் பதிவு செய்ய ஏர் கனடாவின் ஊழியர் தளத்துக்குக் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். அப்படி ஒருவர் போட்டிக் கம்பெனியான வெஸ்ட்ஜெட்டில் சேர்ந்தார். அவருடைய கடவுச்சொல்லால் 2003 மே முதல் 2004 மார்ச் வரை 2,43,630 முறை வெஸ்ட்ஜெட்காரர்கள் உள்ளே நுழைந்ததாக ஏர் கனடா வழக்குப் போட்டது. அத்தனையையும் விரல் தட்டவில்லை, தானாக எடுத்துவர ஒரு மென்பொருளே எழுதிவிட்டார்கள். ஏர் கனடாவும் சும்மா இருக்கவில்லை. துப்பறிவாளர்களை வைத்து, வெஸ்ட்ஜெட் நிறுவனர்களில் ஒருவரின் வீட்டுக் குப்பையை அள்ளி, கிழித்த காகிதங்களை ஒட்டிப் பார்த்தது.

லின்ஸ்கோட்டன் ஒன்பது வருஷம் அலைந்து கொண்டுபோனதை இவர்கள் மேசையை விட்டு எழாமல் எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் கதவைத் திறந்துவிட்டது பூட்டின் பழுதல்ல, ஒரு வீட்டின் பரிவு. எனக்கு இதுதான் ஆறவில்லை.

2006இல் வெஸ்ட்ஜெட் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. வழக்குச் செலவுக்கு 55 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. குழந்தைகளுக்கான அறக்கட்டளைகளுக்கு ஒரு கோடி டாலர். லிஸ்பனுக்கு அப்படி யாரும் ஈடு தரவில்லை. 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த மாளிகை இதே மட்டாஞ்சேரியில் நிற்கிறது. பின்னால் அதைப் பழுதுபார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். வழி கேட்டால் ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்பது, “டச்சு பேலஸா?”